கருவிக் கம்பனியும் பிளாஸ்டிக் கம்பனியும்: ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலை கொட்பேயில் வெடிப்பு விழுந்த பைபர் வள்ளத்தைத் திருத்தும் இடத்தில் சற்று நின்று பாருங்கள். கிரைண்டரால் பழைய பூச்சைத் தேய்த்தெடுத்து, கண்ணாடியிழைப் பாயை வைத்து, அதன் மேல் றெசினை ஒற்றுவார்கள். கிரைண்டர் வாங்கும்போது மக்கீட்டாவா, பொஷ்ஷா என்று பெயர் கேட்பவர், றெசின் என்றதும் கிலோ என்ன விலை என்றுதான் கேட்பார். இரண்டு தொழிலும் காசு பார்க்கும் விதம் அங்கேயே பிரிந்துவிடுகிறது.

வர்த்தகம் படிக்கும் நம் பிள்ளைகளின் ஒப்படைகளில் இது காணாமல் போகிறது. கருவி செய்யும் ஸ்னாப்-ஓனையும் பிளாஸ்டிக் மூலப்பொருள் செய்யும் லயொண்டெல்பாசலையும் ஒரே அட்டவணையில் போட்டு, ஒரேயொரு ஆண்டின் இலாப வீதத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். பிளாஸ்டிக் மூலப்பொருளின் விலையைக் கம்பனி தீர்மானிப்பதில்லை, சந்தைதான் தீர்மானிக்கிறது. பிளாஸ்டிக்குக்கு அடிப்படையான எதிலீனைச் செய்யும் ஆலையை நினைத்தபோது நிறுத்தி நினைத்தபோது ஓட்டவும் முடியாது. விலை விழுந்தாலும் ஆலை ஓடும், பெறுமானத்தேய்வும் வட்டியும் ஓடும். வாடைக்காற்று மாதத்து வருமானத்தை வைத்து ஒரு கடற்றொழிலாளியை எடைபோடுவது எப்படியோ, அப்படித்தான் இதுவும். குறைந்தது ஏழெட்டு ஆண்டுக் கணக்கையாவது எடுங்கள்.

இதன் தொடர்ச்சிதான் விலை உழைப்பு விகிதத்தில், அதாவது பங்கு விலையை ஒரு பங்குக்கான இலாபத்தால் வகுத்து வரும் எண்ணில், ஏமாறுவது. பிளாஸ்டிக் மூலப்பொருள் செய்யும் இரசாயனக் கம்பனிக்கு இலாபம் உச்சத்தில் இருக்கும்போது இந்த விகிதம் குறைந்து, பங்கு மலிவாகத் தெரியும். உண்மையில் பயப்பட வேண்டிய நேரம் அது. பாசல், லயொண்டெல்லை 2007 டிசம்பரில் பெருங்கடனோடு வாங்கியது. 2009 ஜனவரியில், இப்படி இணைந்து உருவான லயொண்டெல்பாசலின் அமெரிக்கப் பிரிவு வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது. பங்கு விலையில் எத்தனை வீதம் பங்கிலாபமாகக் கிடைக்கிறது என்று காட்டும் பங்கிலாப வீதம் அதிகமாகத் தெரிந்தாலும் இதே கவனம் வேண்டும். பங்கு விலை விழுந்தாலே வீதம் தானாக ஏறிவிடும். அமெரிக்க இரசாயனக் கம்பனியான டவ் 2025 ஜூலையில் ஒரு பங்குக்கான காலாண்டுப் பங்கிலாபத்தை 70 அமெரிக்கச் சதத்திலிருந்து 35 சதமாகக் குறைத்தது.

கருவிப் பக்கமும் சுத்தமான கணக்கில்லை. ஸ்னாப்-ஓன் மெக்கானிக்குகளுக்குக் கருவி விற்பதோடு கடனும் கொடுக்கிறது. அந்த நிதிப் பிரிவைத் தனியே பிரிக்காமல் கடன் விகிதம் கணித்தால் விடை கோணலாகத்தான் வரும்.

பெட்டியிலுள்ள பெயரை நம்புவது இன்னொன்று. டிவோல்ட் என்பது ஸ்டான்லி பிளாக் அண்ட் டெக்கருடையது. மில்வாக்கி ஹொங்கொங்கின் டெக்ட்ரொனிக் கையில். இந்தியப் பங்குச் சந்தையிலுள்ள பொஷ், பெரும்பாலும் வாகன உதிரிப்பாகக் கம்பனி. ட்ரில் மெஷினுக்காக அதை எடுத்துப் பயனில்லை. லீக்டன்ஸ்டைனின் ஹில்டி சந்தையிலேயே இல்லை.

சரி, இரசாயனக் கம்பனிகளையே ஒன்றோடொன்று ஒப்பிட்டால்? அங்கும் ஆலை இருக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். அமெரிக்க ஆலைகள் பெரும்பாலும் எரிவாயுவிலிருந்து வரும் ஈதேன் வாயுவைப் பிளாஸ்டிக்காக்குகின்றன. ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் எண்ணெயிலிருந்து வரும் நாப்தாதான் அதிகம். எண்ணெய் விலை ஏறினால் ஈதேன் ஆலைக்கு வாய்ப்பு, நாப்தா ஆலைக்கு அடி.

கடைசியாக, திகதி. மக்கீட்டாவின் நிதியாண்டு மார்ச் 31இல் முடிகிறது, கணக்கு யென்னில். டொலருக்கு மாற்றும்போது இலாபத்துக்கு ஆண்டின் சராசரி மாற்று வீதத்தையும், ஐந்தொகைக்கு ஆண்டிறுதி வீதத்தையும் போடுங்கள்.