டிரிம் போட்டும் போகாத இடைவெளி

பிஹெச்பி என்ற நிரல்மொழியில் எழுதிய உறுப்பினர் பட்டியலில் 'குமார்' என்று தேடினால் ஒரு பதிவு மட்டும் வரவே இல்லை, கண்ணுக்குப் பெயர் சரியாகத்தான் தெரிந்தது, இரு ஓரத்து இடைவெளியை வெட்டும் டிரிம்மும் ஏற்கெனவே போட்டிருந்தேன். நீளத்தைப் பார்த்தால் 18 பைட் இருக்க வேண்டிய இடத்தில் 20. ஹெக்ஸாக (பதினாறடிமான எண்களாக) மாற்றியதும் கடைசியில் சி2 ஏ0 என்று இரண்டு பைட் நின்றது. யாரோ எங்கிருந்தோ காப்பி செய்து ஒட்டியபோது கூடவே வந்த, வரி உடையாமல் பிடித்துவைக்கும் இடைவெளி அது. பிஹெச்பியின் டிரிம் சாதாரண இடைவெளி, டேப், வரிமுறிவு போன்ற சிலவற்றைத்தான் வெட்டும் (ஜாவாஸ்கிரிப்ட் டிரிம் இதையும் எடுத்துவிடும், அதனால் பிரவுசரில் சோதித்தபோது சிக்கவில்லை). சரி என்று வடிவத்தை வைத்துத் தேடி மாற்றும் பிரெக்-ரீப்ளேஸில் பின்சாய்வு எஸ் (எந்த இடைவெளியும்), பிளஸ் (ஒன்றோ பலவோ), கடைசியில் யு சேர்த்து எல்லாவற்றையும் ஒற்றை இடைவெளியாக்கி, அப்புறம் டிரிம் செய்தேன். எழுத்துகளை யூனிகோடாகப் படிக்கச் சொல்லும் அந்த யு கட்டாயம் வேண்டும். யூனிகோடில் 200பி என்ற எண் கொண்ட, அகலமே இல்லாத இடைவெளி மட்டும் இதில் மாட்டாது, அதைத் தனியாக நீக்கினேன்.