மலிவு விலைக் கத்தானா: மதிப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கத்தானா எனப்படும் ஜப்பானிய பாணி வாள் ஒன்றைக் கையில் வாங்கியவர் முதலில் செய்வது, உறையிலிருந்து அலகை உருவி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பதுதான். மினுமினுப்பும் விளிம்போரத்து அலைக்கோடும் நுனியின் கூர்மையும் மனத்தைக் கவர்ந்துவிடுகின்றன. பிடியை யாரும் பார்ப்பதில்லை. சிங்கப்பூரிலுள்ள கப்பல் பழுதுபார்க்கும் தளங்களில் நெடுங்காலம் உலோகப் பரிசோதகராக வேலை பார்த்தவன் என்ற முறையிலும், வாளை உருவும் கலையான இயாய்டோவைப் பன்னிரண்டு ஆண்டுகளாகப் பயின்று வருபவன் என்ற முறையிலும் நான் கண்டது இதுதான்: 200 வெள்ளியிலிருந்து 600 வெள்ளி வரை விலையுள்ள வாள்களில் கோளாறு பெரும்பாலும் அலகில் தொடங்குவதில்லை, பிடிக்குள்தான் தொடங்குகிறது. எனவே பிடியை விட்டுவிட்டு அலகை மட்டும் ஆராய்வதையே முதல் தவறாகவும் பெரிய தவறாகவும் கருதுகிறேன்.

பிடிக்குள் என்ன இருக்கிறது என்பதை அறிந்தால் இதன் காரணம் விளங்கும். அலகின் அடிப்பகுதி கூர்மையில்லாத தண்டாக நீண்டு பிடிக்குள் செல்கிறது. ஜப்பானியர் அதை நாகாகோ என்பர். இரண்டு மரத்துண்டுகளை உட்புறம் குடைந்து ஒட்டிய கட்டைக்குள் அந்தத் தண்டு இறுக்கமாகப் பொருந்த வேண்டும். கட்டையின் மேல் திருக்கை மீனின் சொரசொரப்பான தோலும், அதன் மேல் நாடாவும் சுற்றப்படுகின்றன. இவ்வளவையும் அலகோடு பிணைத்து வைப்பது மெகுகி எனப்படும் சிறிய மூங்கில் ஆணி ஒன்று, அல்லது இரண்டு. வீசும்போது அலகின் எடை முன்னோக்கி இழுக்கும் விசையைத் தாங்குவது, தண்டுக்கும் கட்டைக்கும் இடையிலான பொருத்தமும் அந்த ஆணியுமே.

நான் வாங்கிய இரண்டாவது வாள் 260 வெள்ளி. அலகு நன்றாகவே இருந்தது. இரண்டு மாதப் பயிற்சிக்குப் பிறகு கைக்காப்புத் தட்டு லேசாகக் கலகலக்கத் தொடங்கியதால், ஆணியைத் தட்டி எடுத்துப் பிடியைக் கழற்றினேன். தண்டைவிட மிக அகலமாகக் குடையப்பட்டிருந்த மரத்துக்குள், இடைவெளியை அடைக்க அட்டைத் துண்டுகள் செருகப்பட்டிருந்தன. ஆணித் துளையிலிருந்து மரத்தில் ஒரு விரிசல் விரல் நீளத்துக்கு ஓடியிருந்தது. இன்னும் சில நாள் அப்படியே வீசியிருந்தால், பயிற்சிக் கூடத்தில் எதிரே நிற்பவரை நோக்கி அலகு பறந்திருக்கும். அன்றிலிருந்து எந்த வாளையும் பிடியைக் கழற்றிப் பார்க்காமல் வீசுவதில்லை என்பதை விதியாக வைத்திருக்கிறேன்.

பிடியைக் கழற்றவே முடியாதபடி பசை வைத்து ஒட்டியோ திருகாணி போட்டு முடுக்கியோ இருந்தால், அதை வீசுவதற்கான வாளாகக் கருதக் கூடாது. சுவரில் மாட்டுவதற்கென்றே செய்யப்படும் மலிவு வாள்களில் தண்டு எலிவால்போல் மெலிந்து, அலகோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அந்த இணைப்பு எந்த வீச்சிலும் முறியலாம். இணையத்தில் வாங்குபவர் பணம் கட்டுவதற்கு முன் அனுப்பப்படவிருக்கும் அதே வாளின் வெறும் தண்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்ல வேண்டும். தரமாட்டோம் என்னும் விற்பனையாளரை அங்கேயே விட்டுவிடலாம். நேரில் பார்ப்பவர் நாடாவின் முடிச்சுகளைக் கட்டைவிரலால் தள்ளிப் பார்க்கட்டும். அவை நகரக் கூடாது. அலகைச் செங்குத்தாகப் பிடித்து, பிடியைப் பிடித்த கையின் மணிக்கட்டை மறுகையால் தட்டினால் எந்த ஓசையும் எழக் கூடாது. கலகலப்பு கேட்டால், அது வெறும் தட்டின் தளர்வா, கட்டையின் தளர்வா என்பதைக் கழற்றிப் பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும். முன்னது மெல்லிய வளையம் ஒன்றைச் சேர்த்தால் தீரும், பின்னது தீராது.

அடுத்த தவறு நம் ஊர்த் தட்பவெப்பத்தோடு ஒட்டியது. ஆண்டு முழுதும் காற்றில் ஈரம் நிறைந்திருக்கும் சிங்கப்பூரில், இரும்பு துருப்பிடிக்கும் என்று அஞ்சி, துருப்பிடிக்காத எஃகில் செய்த வாளைத் தேடி வாங்குகிறவர்கள் பலர். அந்த அச்சம் நியாயமானது, தீர்வுதான் தவறானது. சமையல் கத்திக்கு மிகப் பொருத்தமான அந்த உலோகம், மூன்றடி நீளத்துக்கு நீட்டி வேகமாக வீசப்படும்போது அதிர்ச்சியைத் தாங்கும் இயல்பு குறைந்ததாகிவிடுகிறது. கூர்மை நிற்கும் அளவுக்குக் கடினமாக்கினால் முறிகிறது, முறியாத அளவுக்கு மென்மையாக்கினால் வளைந்துபோகிறது. ஒரு அடிக்கு மேல் நீளும் அலகுக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது என்பது வாள் பழகுவோரிடையே பொதுவான கருத்து. துருப்பிடிக்காத எஃகின் வகைகளான 420, 440 என்ற எண்களை விளம்பரத்தில் கண்டால் அது அலங்காரப் பொருள் என்று கொள்ளுங்கள். துருவைத் தடுக்கும் வேலை எண்ணெயுடையது; அதைக் கடைசியில் சொல்கிறேன்.

வீசுவதற்கான அலகு கரிம எஃகில் இருக்க வேண்டும் என்றதும், எண் பெரிதானால் தரமும் பெரிது என்ற எண்ணம் தொற்றிக்கொள்கிறது. 1045, 1060, 1095 என்ற பெயர்களின் கடைசி இரண்டு இலக்கங்கள் எஃகிலுள்ள கரிமத்தின் அளவைக் குறிக்கின்றன: முறையே சுமார் 0.45, 0.60, 0.95 விழுக்காடு. கரிமம் கூடினால் அலகு கூடுதலாகக் கடினப்படும், கூர் நீடிக்கும். அதே வேளையில் தோய்ச்சலில், அதாவது சூடாக்கிச் சட்டென்று குளிர்விப்பதில், பிழை ஏற்பட்டால் நொறுங்கும் அபாயமும் கூடும். சரியாகத் தோய்ச்சல் போடப்பட்ட 1060 அலகு, அவசரமாகத் தோய்ச்சல் போடப்பட்ட 1095 அலகைவிட எல்லா வகையிலும் மேல். ஊரில் திருப்பாச்சேத்தி அரிவாள் வாங்கப் போனவர்கள் இரும்பில் கரிமம் எவ்வளவு என்று கேட்டதில்லை. பட்டறைக்காரர் தோய்ச்சல் போடுவதில் கைதேர்ந்தவரா என்றுதான் விசாரித்தார்கள். அந்தக் கேள்விதான் இங்கும் பொருந்தும். லாரியின் வில்பட்டை போன்ற சுருள்வில் எஃகு வகையைச் சேர்ந்த 9260, 5160 ஆகியவையும் இந்த விலைக்குள் கிடைக்கின்றன. வெட்டும் கோணம் பிசகும்போது இவை வளைந்து மீண்டும் நேராகிவிடும். ஆகவே நனைத்துச் சுருட்டிய பாயை வெட்டிப் பழகத் தொடங்குபவருக்கு நான் இவற்றையே பரிந்துரைப்பேன்.

மடித்து அடித்த எஃகு, டமாஸ்கஸ் எஃகு என்ற சொற்களுக்குக் கூடுதல் விலை கொடுப்பது இன்னொரு தவறு. ஜப்பானியக் கொல்லர்கள் எஃகை மடித்து மடித்து அடித்ததற்குக் காரணம், இரும்பு மணலையும் கரியையும் தத்தாரா உலையில் இட்டுப் பெற்ற தமாஹகானே எஃகில் கசடு கலந்திருந்ததும், கரிமம் ஓரிடத்தில் மிகுந்தும் ஓரிடத்தில் குறைந்தும் இருந்ததும்தான். மடித்து அடிக்க அடிக்கக் கசடு வெளியேறி, கரிமம் சீராகப் பரவும். இன்றைய ஆலை எஃகு பிறக்கும்போதே சீராக இருப்பதால், அதை மடிப்பது வலிமையைக் கூட்டுவதில்லை. அழகான வரிகளைத் தரும், அவ்வளவே. மலிவுப் பட்டறையில் மடிப்புகள் சரியாக ஒட்டாமல் போனால் உள்ளே பிளவு ஒளிந்திருக்கவும் கூடும். டமாஸ்கஸ் என்ற பெயரைப் பற்றித் தமிழர் அறிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அந்தப் பெயரால் உலகப் புகழ் பெற்ற பழைய வாள்களுக்கான எஃகு, தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மூசைகளில் உருக்கி ஏற்றுமதி செய்யப்பட்டது. ஐரோப்பியர் அதை வூட்ஸ் என்றழைத்த சொல்லும் நம் உருக்கு, கன்னடத்து உக்கு என்பவற்றோடு உறவுடையதாகக் கருதப்படுகிறது. இன்று விற்கப்படும் டமாஸ்கஸ் அலகு இருவகை எஃகை அடுக்கி ஒட்டியது. அந்தப் பழைய உருக்கோடு அதற்குத் தொடர்பில்லை.

ஹமோன் எனப்படும் அலைக்கோட்டை மதிப்பிடுவதில்தான் அனுபவமுள்ளவர்களும் சறுக்குகிறார்கள். உண்மையான ஹமோன் தோன்றும் முறை இதுதான்: அலகின் முதுகுப்பக்கம் களிமண் தடிப்பாகவும், விளிம்புப்பக்கம் மெல்லியதாகவும் பூசப்பட்டு, அலகு செஞ்சூட்டில் நீரிலோ எண்ணெயிலோ அமிழ்த்தப்படுகிறது. மண் மெல்லிய பகுதி சட்டென்று குளிர்ந்து மிகக் கடினமாகிறது. தடித்த பகுதி மெதுவாகக் குளிர்ந்து நெகிழ்வோடு இருக்கிறது. இரண்டுக்கும் இடையிலான எல்லையே அந்தக் கோடு. போலிக் கோடு அமிலத்தாலோ கம்பித் தூரிகையாலோ மேற்பரப்பில் வரையப்படுவது. ஒற்றை விளக்கின் கீழ் அலகை மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். உண்மையான எல்லையில் பனிப்புகை போன்ற மெல்லிய வெண்கோடு ஒரு கோணத்தில் தெளிவாக எழுந்து, மறுகோணத்தில் மங்கும். போலியானது எந்தக் கோணத்திலும் ஒரே தட்டையான வெண்மையாகத் தெரியும், அதன் அலைகள் அச்சடித்ததுபோல் ஒன்றையொன்று ஒத்திருக்கும். இதைக் கற்றவர்கள் உடனே அடுத்த தவறுக்குப் போகிறார்கள். வெண்மை அதிகமாக இருப்பதால் மட்டும் ஒரு கோட்டைப் போலி என்று தள்ளக் கூடாது, ஏனெனில் உண்மையான ஹமோனையும் எடுப்பாகக் காட்ட மலிவுப் பட்டறைகள் அமிலம் தடவுவதுண்டு. ஹமோன் இல்லாததால் ஓர் அலகைத் தாழ்வாக எண்ணுவதும் பிழை. முழுதும் ஒரே சீராகத் தோய்ச்சல் போடப்பட்ட சுருள்வில் எஃகு அலகில் அந்தக் கோடு இருக்காது. இருந்தால்தான் ஐயப்பட வேண்டும்.

தாளைச் சீவிக் காட்டும் காணொளியைத் தரத்துக்குச் சான்றாகக் கொள்ள வேண்டாம். மட்டமான எஃகையும் சாணை பிடித்தால் தாளைச் சீவும். அலகில் ஓடும் நீள்பள்ளம் எடையைக் குறைப்பதற்காகவே வெட்டப்படுகிறது, இரத்தம் வழிவதற்காக அன்று; வீசும்போது அது எழுப்பும் சீழ்க்கையொலியும் தரத்தின் அடையாளம் ஆகாது. எடையைப் பொறுத்தவரை, உறை நீங்கலாக ஒரு கிலோவிலிருந்து 1.3 கிலோ வரை இருப்பது இயல்பு. இவற்றைவிட அலகின் வடிவத்தைப் பார்ப்பது பயன் தரும். முதுகின் வழியே ஒரு கண்ணால் நோக்கினால் கோடு நேராக ஓட வேண்டும். பக்கவாட்டில் குழல் விளக்கின் பிம்பத்தை ஓட விட்டால் அது நெளியாமல் வழுக்கிச் செல்ல வேண்டும். நெளிந்தால் தேய்ப்பு சீரில்லை.

ஜப்பானில் செய்தது என்று சொல்லி 400 வெள்ளிக்குக் கூரான எஃகு வாளை விற்பவரை நம்புவது வெளிப்படையான ஏமாற்றத்துக்கு உடன்படுவது. 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஜப்பானில் உரிமம் பெற்ற கொல்லர்களே வாள் செய்யலாம், ஒவ்வொரு வாளும் பதிவு செய்யப்பட வேண்டும். அவற்றின் விலை பல ஆயிரங்களில் தொடங்குகிறது. மலிவு விலையில் கிடைப்பவற்றில் பெரும்பகுதி சீனாவின் செஜியாங் மாநிலத்து லோங்சுவான் நகரில் செய்யப்படுகிறது. அங்கு வாள் தொழில் பழமையானது, நல்ல பட்டறைகளும் உண்டு. அதை மறைத்துப் பேசுவதுதான் குற்றம். பழைய பொருள் விற்பவர்களிடம் ஜப்பானிய ஆக்கிரமிப்புக் காலத்து இராணுவ வாள் என்ற பெயரில் வருபவற்றில் போலிகள் ஏராளம். உண்மையானதாகவே இருந்தாலும், போர்க்கால அலகுகள் பல ஆலைகளில் விரைவாகச் செய்யப்பட்டவை. மரபுமுறையில் அடித்தவை அல்ல. அத்துடன், இந்த ஊரின் மூத்த குடும்பங்களில் அந்த வாள் என்ன நினைவைக் கிளப்பும் என்பதையும் வாங்குபவர் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

வாளைத் தேர்ந்தெடுத்து, பணமும் கட்டிய பிறகு சட்டத்தைப் பற்றி யோசிப்பது இங்கு மிகவும் செலவு வைக்கும் தவறு. சிங்கப்பூரில் வாள் இறக்குமதி, காவல்துறையின் உரிமம் மற்றும் ஒழுங்குமுறைப் பிரிவின் கட்டுப்பாட்டுக்குள் வருகிறது. துப்பாக்கி, வெடிபொருள், ஆயுதக் கட்டுப்பாட்டுக்கென 2021-இல் நாடாளுமன்றம் தனிச் சட்டமே நிறைவேற்றியிருக்கிறது. வாங்க நினைக்கும் வாளின் நீளம், கூருள்ளதா இல்லையா, எதற்காக வேண்டும் என்பவற்றைக் குறிப்பிட்டு அந்தப் பிரிவுக்கு எழுதிக் கேட்டு, பதில் வந்த பின்னரே ஆர்டர் கொடுங்கள். தகுந்த காரணமின்றிப் பொது இடத்தில் ஆயுதம் எடுத்துச் செல்வது சிறைத் தண்டனைக்கும் பிரம்படிக்கும் உரிய குற்றம் என்பதால், புளோக்கின் கீழ்த்தளத்தில் நண்பர்களுக்கு உருவிக் காட்டும் எண்ணமே வேண்டாம். இயாய்டோ மட்டும் பழக விரும்புபவருக்குக் கூரான எஃகு தேவையே இல்லை. துத்தநாகமும் அலுமினியமும் கலந்த, கூர் ஏற்ற முடியாத பயிற்சி அலகுகள் ஜப்பானிலிருந்தே கிடைக்கின்றன. அவை எஃகுபோல் துருப்பிடிப்பதுமில்லை. எதை வாங்குவது என்பதை ஆசிரியரிடம் கேளுங்கள், விதிகளைக் காவல்துறையிடம் கேளுங்கள்.

வாள் வீட்டுக்கு வந்த அன்றே செய்ய வேண்டியவற்றைத் தள்ளிப்போட்டால், திருப்பி அனுப்பும் கெடு போய்விடும். முதலில் உறையைச் சோதியுங்கள்: வாளைத் தலைகீழாகப் பிடித்தால் அலகு தானாக நழுவக் கூடாது, கட்டைவிரலால் தள்ளியதும் எளிதாக விடுபட வேண்டும். வறண்ட ஊரில் செய்த மர உறை நம் ஈரக்காற்றில் உப்பி அலகை இறுகப் பிடிப்பதும், இரவெல்லாம் குளிர்சாதனம் ஓடும் அறையில் சுருங்கித் தளர்வதும் உண்டு. ஆகவே இரண்டு வாரம் கழித்து மறுபடியும் சோதிக்க வேண்டும். அலகை வெறும் விரலால் தொட்டால் வியர்வை உப்பு படிந்து, ஓரிரு நாளிலேயே விரல் ரேகையின் வடிவில் துரு எழும். ஆலையில் பூசிய தடித்த எண்ணெயைத் துடைத்துவிட்டு, சோஜி எண்ணெயைக் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லியதாகத் தடவுங்கள். சோஜி என்றால் கிராம்பு. ஆனால் இது பெரும்பாலும் கனிம எண்ணெயில் கிராம்பு மணம் சேர்த்தது, பல்வலிக்கு வைக்கும் தனிக் கிராம்பு எண்ணெயை இதற்கு மாற்றாகப் பயன்படுத்தக் கூடாது. ஜப்பானில் சில மாதங்களுக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றுவது போதும் என்பர். வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடி வீட்டில் சன்னலைத் திறந்து வைத்து வாழும் நமக்கு நான் சொல்லும் கணக்கு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை.