வீட்டில் மெழுகுவர்த்தி செய்வது எப்படி: முதல் தம்ளரிலிருந்து தொடங்குவோம்

புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் வாசனைக்கும் நிறத்துக்கும்தான் முதலில் காசு செலவழிக்கிறார்கள். மெழுகுவர்த்தி நன்றாக எரிவது திரியையும் சூட்டையும் பொறுத்தது. இந்த இரண்டும் கைக்குப் பிடிபட்ட பிறகு மற்றதை யோசிக்கலாம்.

முதலில் மெழுகு. தர்மபுரி வெயிலில் நான் சொல்வது பாரஃபின் மெழுகைத்தான். அது சுமார் 60 டிகிரியில் உருகும். சோயா மெழுகு 50 டிகிரிக்குப் பக்கத்திலேயே இளகிவிடும். சித்திரை மாதத்தில் தகரக் கூரைக்குக் கீழே வைத்தால் மேல்பகுதி கொழகொழவென்று ஆகிவிடும். ஓசூர் பக்கம் குளிர்ச்சி என்பதால் அங்கே சோயா ஒத்துவரும். ஆனால் அது தம்ளரில் ஊற்றத்தான் ஏற்றது, தனியாக நிற்கும் வர்த்திக்கு ஆகாது.

தடிமனான கண்ணாடித் தம்ளர் ஒன்றை எடுத்து, மெழுகு நிற்க வேண்டிய உயரம் வரை தண்ணீர் ஊற்றி அளந்துகொள்ளுங்கள். 200 மில்லி பிடித்தால் 180 கிராம் மெழுகு வேண்டும், ஏனென்றால் மெழுகு தண்ணீரைவிட லேசானது. கொஞ்சம் சேர்த்து 200 கிராமாக எடுங்கள். காரணம் பின்னால் வரும். அளந்ததும் தம்ளரை ஈரமில்லாமல் துடைத்துவிடுங்கள்.

மெழுகில் ஊறவைத்த பருத்தித் திரி, அடியில் தகரத் தகட்டோடு கடைகளில் கிடைக்கிறது. தம்ளரின் அகலத்தைச் சொல்லி வாங்குங்கள். தகட்டில் ஒரு சொட்டு உருகிய மெழுகு வைத்து நடு மையத்தில் ஒட்டி, மேல் நுனியைத் துணி கிளிப்பில் கவ்வித் தம்ளரின் விளிம்பில் குறுக்காக வையுங்கள். திரி சாய்ந்தால் தீ ஒரு பக்கக் கண்ணாடியையே சுட்டு விரிசல் விடும்.

இனி உருக்குவது. மெழுகை நேரடியாக அடுப்பில் வைக்கவே கூடாது. அகலமான பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கட்டும். அதற்குள் மெழுகு போட்ட சின்னப் பாத்திரம் இருக்கட்டும். தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது, அதனால் மெழுகும் தாண்டாது. நேரடித் தீயில் வைத்தால் 200 டிகிரிக்குப் போய்ப் பற்றிக்கொள்ளும். அப்படிப் பற்றினால் தண்ணீர் ஊற்றாதீர்கள். தண்ணீர் சட்டென்று ஆவியாகி, எரியும் மெழுகை நாலாபுறமும் வீசிவிடும். அடுப்பை அணைத்து மூடியால் மூடுங்கள். உருகும்வரை அடுப்பை விட்டு நகராதீர்கள், பிள்ளைகளையும் பக்கத்தில் விடாதீர்கள்.

சமையல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள், கண் மதிப்பு போதாது. 80 டிகிரி வந்ததும் இறக்கி, மெழுகுவர்த்திக்கென்றே விற்கும் வாசனை எண்ணெய் 10 கிராம் விட்டு, இரண்டு நிமிடம் மெதுவாகக் கலக்குங்கள். அதிகம் விட்டால் வாசனை கூடாது, எண்ணெய் தனியாகக் கசியும். நிறம் வேண்டுமானால் மெழுகில் கரையும் சாயம்தான். கேசரிப் பவுடர் கரையாது, கிரேயான் திரியை அடைத்துவிடும்.

சூடு 70க்கு இறங்கியதும் ஊற்றுங்கள். கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள். மார்கழிக் குளிரில் தம்ளரையும் லேசாக வெதுவெதுப்பாக்கிக்கொண்டால் மெழுகு கண்ணாடியை விட்டுப் பிரியாது. ஃபிரிட்ஜில் வைத்து அவசரப்படுத்த வேண்டாம், விரிசல் விழும். மெழுகு இறுகும்போது சுருங்குவதால் திரியைச் சுற்றிக் குழி விழும். அதை நிரப்பத்தான் அந்த மிச்சம். மறுபடி உருக்கி ஊற்றுங்கள்.

ஒரு நாள் முழுக்க அப்படியே விட்டு, அப்புறம் திரியைக் கால் அங்குலத்துக்கு வெட்டி ஏற்றுங்கள். முதல் தடவை மேல்பரப்பு விளிம்புவரை உருகும்வரை எரியட்டும், ஆனால் நான்கு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். அதற்குள் நடுவில் மட்டும் குழி தோண்டினால் திரி மெல்லியது. தீ உயரமாகி, காற்றே இல்லாதபோதும் கரும்புகை வந்தால் திரி தடித்தது. அடுத்த தம்ளருக்கு ஓர் அளவு மாற்றிப் பாருங்கள்.

பாத்திரத்தைச் சூடாக இருக்கும்போதே காகிதத்தால் துடையுங்கள். சிங்க்கில் ஊற்றினால் குழாயில் இறுகி அடைத்துக்கொள்ளும். மீதி மெழுகைச் சேர்த்து வையுங்கள், கார்த்திகைக்கு அகலில் ஊற்றித் திரி வைக்க ஆகும். மண் அகல் மெழுகை உறிஞ்சிக் கசியும், அதனால் அடியில் ஒரு தட்டு வையுங்கள்.