அசெம்ப்ளர் கோப்புகள்: சத்தமில்லாமல் கவிழ்க்கும் தவறுகள்

ஜோகன்னஸ்பர்க்கில் வங்கி வேலை என்றால் மெயின்ஃபிரேம் எனும் பெருங்கணினி இன்னும் உண்டு. அதைப் பழக டர்பனிலிருந்து நம் பிள்ளைகள் சிலர் வந்திருக்கிறார்கள். அவர்கள் ஜேசிஎல் (எந்த நிரலை எந்தக் கோப்புகளோடு ஓட்டுவது என்று கணினிக்குச் சொல்லும் வரிகள்) எழுதுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தால், நாங்கள் இடறிய அதே கல்லில்தான் இடறுகிறார்கள். எழுத்துப்பிழை, விட்டுப்போன காற்புள்ளி போன்றவற்றை, மூலநிரலை இயந்திரக் குறியீடாக மாற்றும் அசெம்ப்ளரே காட்டிக் கொடுத்துவிடும். அது வாய் திறக்காத இடங்களைப் பற்றித்தான் இங்கே பேச்சு. நான் சொல்வது ஐபிஎம்மின் ஹை லெவல் அசெம்ப்ளரை.

சிஸ்லினில் 'மாட்'

அசெம்ப்ளரின் கோப்புகளுக்கு ஜேசிஎல்லில் நிலையான பெயர்கள் உண்டு. மூலநிரல் சிஸ்இன் வழியாக உள்ளே போகும், அசெம்பிள் ஆன ஆப்ஜெக்ட் சிஸ்லின் வழியாக வெளியே வரும். ஐபிஎம் தரும் புரொசீஜரில் (ஆயத்த ஜேசிஎல்) சிஸ்லினுக்கு, கோப்பை எப்படிக் கையாள்வது என்று சொல்லும் டிஸ்ப், 'மாட், பாஸ்' என்றிருக்கும்: முடிவில் சேர்த்து எழுது, அடுத்த படிக்குக் கொடு. அங்கே அது சரி. அது தற்காலிகக் கோப்பு, ஜாப் முடிந்ததும் போய்விடும். ஒரே ஜாபில் பல நிரல்களை அசெம்பிள் செய்தால் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகச் சேரட்டும் என்றுதான் மாட். புதியவர்கள் அந்த வரியை அப்படியே நகலெடுத்து, டேட்டாசெட் (கோப்பு) பெயரை மட்டும் நிரந்தரமான ஒன்றாக மாற்றிவிடுகிறார்கள்.

முதல் தடவை ஒழுங்காக ஓடும். நிரலைத் திருத்தி மறுபடி அசெம்பிள் செய்யும்போது புதிய ஆப்ஜெக்ட் பழையதை அழிக்காமல் அதன் வாலில் போய் ஒட்டிக்கொள்ளும். இப்போது ஒரே கோப்பில் ஒரே பெயரில் இரண்டு சீசெக்ட், அதாவது நிரல் பகுதிகள். ஆப்ஜெக்டை ஓடக்கூடிய நிரலாக (லோட் மாட்யூல்) கட்டும் பைண்டர் முதலில் வந்ததை வைத்துக்கொண்டு பின்னால் வந்ததைத் தள்ளிவிடும். ஆக, ஜெயிப்பது எப்போதும் பழைய நிரல்தான். அசெம்ப்ளரின் ரிட்டர்ன் கோட் 0, அதாவது பிழை இல்லை. அது அச்சிடும் லிஸ்டிங்கிலோ உங்கள் திருத்தம் பளிச்சென்று தெரியும்.

2018 ஏப்ரல் 1 அன்று இந்த நாட்டில் வாட் வரி 14 சதவீதத்திலிருந்து 15 ஆனது. அன்று ஈஸ்டர் ஞாயிறு வேறு. நான் அப்போது வேலை பார்த்த இடத்தில் வாட் கணக்கிட ஒரு சின்ன ரூட்டீன் இருந்தது. ஒரு கான்ஸ்டன்டை மாற்றினால் தீர்ந்தது. வேலையை வாங்கிய பையன் பொறுப்பானவன். முதலில் எதையும் தொடாமல் ஒருமுறை அசெம்பிள் செய்து பார்த்துக்கொண்டு, அப்புறம்தான் மாற்றினான். அந்தப் பொறுப்புதான் அவனைக் கவிழ்த்தது. சோதனையில் 14 சதவீதமே வருகிறது. திரும்பத் திரும்பச் செய்தான். கோப்பு நீண்டதே தவிர விடை மாறவில்லை. லோட் லைப்ரரி தப்பு, சோதனைத் தரவு தப்பு என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். டர்பன் அருகே இசிபிங்கோ மாரியம்மன் திருவிழாவுக்கு ஊருக்குப் போயிருக்க வேண்டியவன், பெரிய வெள்ளியன்று நினைவகத்தை அச்சிட்ட டம்ப்போடு உட்கார்ந்திருந்தான். மாட் வரியுள்ள ஜேசிஎல்லை மாதிரி என்று அவன் கையில் கொடுத்த சீனியர் விடுமுறையில் கடற்கரைக்குப் போயிருந்தார். நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது.

நிரந்தரக் கோப்புதான் வேண்டுமென்றால் டிஸ்ப் 'ஓல்ட்' போடுங்கள், முந்தையதன் மேலேயே எழுதிவிடும். சந்தேகமிருந்தால் ஐபிஎம்மின் ஆம்ப்லிஸ்ட் கருவியில் லிஸ்ட்ஐடிஆர் கொடுத்து லோட் மாட்யூலைப் பாருங்கள். எந்த சீசெக்ட் எந்தத் தேதியில் அசெம்பிள் ஆனது என்று தெரியும். இரண்டும் ஒரே நாளில் நடந்திருந்தால் தேதி உதவாது. ஆப்ஜெக்ட் கோப்பைத் திறந்து, நிரலின் முடிவைக் குறிக்கும் எண்ட் ரெக்கார்டுகளை எண்ணிவிடுங்கள். ஒரு நிரலுக்கு ஒன்றுக்கு மேல் இருந்தால் விஷயம் அதுதான்.

சிஸ்லிப் வரிசை

மேக்ரோக்கள் (பெயர் சொல்லி அழைக்கும் ஆயத்த நிரல் துண்டுகள்) இருக்கும் லைப்ரரிகளை சிஸ்லிப்பில் வரிசையாகக் கொடுப்போம். மேலிருந்து கீழாகத் தேடி, முதலில் கிடைக்கும் மேக்ரோவை அசெம்ப்ளர் எடுத்துக்கொள்ளும். உச்சியில் யாரோ விட்டுப்போன சொந்த லைப்ரரி இருந்தால், அதிலுள்ள பழைய மேக்ரோதான் உங்களுக்கு. எந்த மேக்ரோ எங்கிருந்து வந்தது என்று லிஸ்டிங்கின் கடைசிப் பக்கங்களில் அட்டவணை இருக்கிறது. யாரும் அதுவரை புரட்டுவதில்லை.

சிஸ்பிரிண்டுக்கு டம்மி

வேண்டாம். லிஸ்டிங் போவது சிஸ்பிரிண்டுக்குத்தான், டம்மி போட்டால் அது எழுதப்படாமலே போய்விடும்.

சிஸ்பஞ்சா, சிஸ்லினா?

ஆப்ஜெக்டை டெக் ஆப்ஷன் சிஸ்பஞ்சில் எழுதும், ஆப்ஜெக்ட் ஆப்ஷன் சிஸ்லினில் எழுதும். நோஆப்ஜெக்ட் என்று எங்கேயாவது ஒளிந்திருந்தால் சிஸ்லின் தொடப்படாது. அதில் முன்பு கிடந்ததையே பைண்டர் எடுத்துக்கொண்டு போகும். ஓல்ட் போட்டிருந்தாலும் இதிலிருந்து தப்ப முடியாது.

சிஸ்அடேட்டா

அசெம்பிள் செய்தது பற்றிய விவரங்களை மற்ற கருவிகளுக்காக எழுதும் கோப்பு இது. ஏடேட்டா ஆப்ஷன் போட்டால்தான் தேவை. சிஸ்லினின் 80 பைட் வரியை இதற்கும் நகலெடுக்காதீர்கள், இதன் ரெக்கார்டுகள் மாறும் நீளம் கொண்டவை.