சத்தமில்லாதவரிடம் முதலில் போங்கள்: புதிய இஎம்டிகளுக்கு

108 ஆம்புலன்ஸில் புதிதாகச் சேரும் இஎம்டிகள் (அவசர மருத்துவ உதவியாளர்கள்) பலர் வண்டியை விட்டு இறங்கியதும் பிபி கருவியைத்தான் தேடுகிறார்கள். அதற்கு முன்பே கண்ணும் காதும் கையும் செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. ஒரு சாலை விபத்தை வைத்து அதைப் பார்ப்போம்.

படி 1: இறங்கும் முன்

பெட்ரோல் கசிகிறதா, மின்கம்பி அறுந்து கிடக்கிறதா, பின்னால் வரும் லாரிக்கு நம் வண்டி தெரிகிறதா என்று பைலட்டும் (வண்டி ஓட்டுநர்) நீங்களும் பாருங்கள். அடிபட்டவர்கள் அதிகம் என்றால் இன்னொரு வண்டியை அப்போதே கேட்டுவிடுங்கள். கையுறை போட்டாயிற்றா? சரி, இறங்கலாம்.

படி 2: யாரிடம் முதலில்?

நான்கு வழிச்சாலையில் ஒரு பைக் விபத்து. பின்னால் உட்கார்ந்து வந்தவருக்குக் கால் முறிந்து, அலறிக்கொண்டிருந்தார். கூட்டம் என்னை அவரிடமே இழுத்தது. ஓட்டி வந்த பையன் தடுப்புச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். “எனக்கு ஒண்ணுமில்லண்ணே, அவனப் பாருங்க” என்றான். கையைத் தொட்டேன். ஜில்லென்று, வியர்வையில் நனைந்திருந்தது. நாடி 130-ஐ நெருங்கியது. பிபி 110/70. சட்டையைத் தூக்கினால், இடது விலாவுக்குக் கீழே ஹேண்டில்பார் முனை அளவுக்கு ஒரு வட்டத் தடம். மண்ணீரல் கிழிந்திருந்தது பிறகு ஸ்கேனில் தெரிந்தது.

இளம் உடம்பு ரத்தக் குழாய்களைச் சுருக்கி, இதயத்தை வேகமாக அடிக்கவைத்துச் சமாளிக்கும். பெரும்பாலும் 30 சதவீத அளவுக்கு ரத்தம் போன பிறகுதான் பிபி இறங்கும். அதனால் பிபி சரியாக இருக்கிறது என்பதை மட்டும் நம்பி யாரையும் விட்டுவிடாதீர்கள். கத்துகிறவருக்கு மூச்சுப்பாதை திறந்திருக்கிறது, மூளைக்கும் ரத்தம் போகிறது. அமைதியாக இருப்பவரை முதலில் தொட்டுப் பாருங்கள்.

படி 3: வரிசை மாறாமல்

பீறிடும் ரத்தத்தை முதலில் அழுத்திப் பிடியுங்கள். அடுத்து மூச்சுப்பாதை: களகளவென்று சத்தம் வந்தால் சக்ஷன் கருவியால் வாயில் தேங்கியதை உறிஞ்சி எடுங்கள். குறட்டை போல வந்தால் நாக்கு பின்னால் விழுந்திருக்கிறது. விபத்துக் கேஸில் கழுத்தை வளைக்காமல் தாடையை மட்டும் முன்னால் தள்ளுங்கள். அப்புறம் மூச்சு. பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இயல்பு. நெஞ்சு இரண்டு பக்கமும் சமமாக ஏறுகிறதா என்று பாருங்கள். பிறகு நாடியும் தோலும்.

கடைசியாக நினைவு: தானாக விழித்திருக்கிறாரா, கூப்பிட்டால் பார்க்கிறாரா, வலிக்கு மட்டும் அசைகிறாரா, எதற்குமே அசைவில்லையா? நினைவு குழம்பியிருந்தால் குளுக்கோமீட்டரை எடுங்கள். “குடிச்சிட்டு விழுந்துட்டாரு சார்” என்று கூட்டம் எவ்வளவு உறுதியாகச் சொன்னாலும் விரலில் குத்திப் பார்த்தே ஆக வேண்டும். சர்க்கரை இறங்கினாலும் நாக்கு குழறும், கால் தள்ளாடும். இதை நான் கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன்.

துணியை விலக்கி முதுகு வரை பார்த்துவிட்டு உடனே போர்த்திவிடுங்கள். குளிர்ந்த உடம்பில் ரத்தம் உறைவது தாமதமாகும்.

படி 4: நிற்பதா, கிளம்புவதா?

மேலே சொன்னதில் ஏதாவது ஒன்று கெட்டிருந்தாலும் 10 நிமிடத்துக்குள் வண்டி நகர வேண்டும். டிரிப்ஸ் ஏற்றும் ஐவி லைன் போடுவதை ஓடும் வண்டியில் வைத்துக்கொள்ளலாம். உள்ளே கசியும் ரத்தத்தை நிறுத்த அறுவை அரங்கு வேண்டும், சாலையோரத்தில் நம்மால் முடியாது. சந்தேகம் வந்தால் கால் சென்டர் டாக்டரைப் போனில் பிடியுங்கள்.

படி 5: எந்த ஆஸ்பத்திரி?

ஸ்கேன், சர்ஜன், ரத்தம் மூன்றும் இருக்கும் இடம்தான் இந்தப் பையனுக்குச் சரி. ஆனால் மூச்சுப்பாதையை உங்களால் காப்பாற்ற முடியவில்லை என்றால் பக்கத்தில் இருக்கும் ஆஸ்பத்திரிக்கே போங்கள். செலவை நினைத்து உறவினர்கள் தயங்கினால், முதல் 48 மணி நேர விபத்துச் சிகிச்சைக்கு 2021 டிசம்பரில் தொடங்கிய தமிழ்நாடு அரசின் இன்னுயிர் காப்போம் திட்டம் இருக்கிறது என்று சொல்லுங்கள்.

படி 6: வழியில்

ஆபத்தான கேஸுக்கு 5 நிமிடத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் மறுபடி பார்த்து, நேரத்தோடு எழுதுங்கள். நாடி 118, 126, 134 என்று ஏறிக்கொண்டே போனால், ஒற்றை எண்ணில் தெரியாத ரத்தக் கசிவு அங்கே தெரியும். அதைப் போகும்போதே போனில் சொல்லுங்கள்: “ஆண், 22 வயது, பைக் விபத்து, இடது மேல்வயிற்றில் அடி, நாடி ஏறுகிறது, கை ஜில்லென்று இருக்கிறது, 15 நிமிடத்தில் வருகிறோம், சர்ஜனை வரச் சொல்லுங்கள்.”