கப்பல் விடுமுறையின் முதல் நாள்: கேத்தலை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்

கப்பல் விடுமுறை என்றால், கொழும்பிலிருந்து போகும் நம்மவர்கள் பலர் சிங்கப்பூருக்குப் பறந்து அங்கேதான் கப்பல் ஏறுகிறார்கள். முதல் நாளைக் கெடுக்கும் தவறுகளில் பாதி கப்பலில் நடப்பதேயில்லை. முந்திய இரவு வெள்ளவத்தை வீட்டில் சூட்கேஸை மூடும்போதே நடந்து முடிந்துவிடுகின்றன.

எங்கள் வீட்டு மாமிக்குக் காலையில் இஞ்சி போட்ட பிளேன் டீ இல்லாமல் பொழுது விடியாது. கப்பல் தேநீரில் நம்பிக்கை வைக்காமல், சின்ன மின்கேத்தல் ஒன்றைச் சேலைகளுக்கு நடுவே சுற்றி வைத்தார். நானும் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டேன். கேத்தல், இஸ்திரிப்பெட்டி போன்று சூடேறும் எதையும், தீப்பிடிக்கும் என்ற பயத்தால், பயணிகளின் அறைக்குள் விடமாட்டார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

நண்பகலில் முனையத்தில் பெட்டிகளை ஒப்படைத்தோம். மாலை ஆறு மணிக்குள் பக்கத்து அறைகளின் வாசல்களில் பெட்டிகள் வரிசையாக வந்து நின்றன. எங்களுடையது மட்டும் வரவில்லை. எட்டரை மணிக்குக் கீழ்த்தளத்தில் விசாரித்தபோது, ஸ்கேனரில் கேத்தல் தெரிந்ததால் பெட்டியையே தடுத்து வைத்திருப்பதாகச் சொன்னார்கள். திறந்து காட்டி, கேத்தலைக் கொடுத்து, ரசீது வாங்கிக்கொண்டேன். கேத்தல் போனதில் கவலையில்லை. மாமியின் பிரஷர் குளிசைகளும் அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தன.

விமானத்தில் பெட்டி நம்மோடு வந்து இறங்குகிறது. கப்பலிலோ மதியம் கொடுத்த பெட்டி, எந்தத் தடையும் இல்லாவிட்டால்கூட, இருட்டிய பிறகு வரலாம். அதனால் கைப்பையில் அன்றைய குளிசைகள், மருத்துவரின் சிட்டை, கடவுச்சீட்டு, சார்ஜர், ஒரு மாற்றுடை ஆகியவை இருக்கவேண்டும். பிள்ளைகள் இருந்தால் நீச்சல் உடையும். குளத்தைக் கண்ட பிள்ளைகளிடம் மாலைவரை பொறுங்கள் என்று சொல்லிப் பயனில்லை. நம் ஊர் மூன்று முள் பிளக் அறையில் பொருந்தாமல் போகலாம். ஒரு அடாப்டரும் வையுங்கள்.

இதைவிடப் பெரிய தவறு, கப்பல் புறப்படும் நாளிலேயே விமானமும் ஏறுவது. நள்ளிரவு தாண்டி கட்டுநாயக்கவில் ஏறினால் நான்கு மணி நேரப் பறப்பு, காலையில் சிங்கப்பூர், மதியம் கப்பல், ஹோட்டல் செலவு மிச்சம் என்று கணக்குப் போடுகிறோம். சிங்கப்பூர் நேரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால் ஓடுவதையும் மறந்துவிடுகிறோம். விமானம் தாமதித்தால் கப்பல் காத்திருக்காது. அடுத்த துறைமுகத்தில் போய்ப் பிடிக்கலாம் என்றால் அந்த நாட்டு வீசா கையில் இருக்கவேண்டும். ஒரு இரவு முன்னதாகப் போய்விடுங்கள். அந்த ஹோட்டல் காசை நான் வீண்செலவாக எண்ணுவதில்லை. சிங்கப்பூரின் இணையவழி வருகை அட்டையைப் போகும்போது மட்டுமல்ல, கப்பலில் திரும்பி வரும்போதும் நிரப்பவேண்டும்.

ஏறியதும் எல்லோரும் மேல்தள பஃபேக்கு ஓடுகிறார்கள். தட்டோடு அரைமணி நேரம் நிற்பதைவிட, ஆபத்து வந்தால் எங்கே கூடுவது, என்ன செய்வது என்று காட்டும் பாதுகாப்புப் பயிற்சியை முதலில் முடித்துவிடலாம். பல கப்பல்களில் இப்போது காணொளியைப் பார்த்துவிட்டு, குறித்த இடத்துக்குப் போய் அறை அட்டையைக் காட்டினால் போதும். இதைத் தட்டிக்கழிக்கப் பார்ப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியின் ஜிக்லியோ தீவருகே கோஸ்டா கொன்கோர்டியா என்ற பயணிகள் கப்பல் பாறையில் மோதியபோது, அன்று மாலைதான் ஏறிய நூற்றுக்கணக்கானோருக்குப் பயிற்சி நடந்திருக்கவில்லை. 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பதே அப்போதைய விதி. அந்த விபத்தில் 32 பேர் இறந்தார்கள். புறப்படுமுன் அல்லது புறப்பட்ட உடனே நடத்தவேண்டும் என்ற விதி 2015 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஏழு குறுகிய ஒலி, பின் ஒரு நீண்ட ஒலி: அதுதான் அபாய அறிவிப்பு.

கரை மறையுமுன் கைப்பேசியை விமானப் பயன்முறைக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் அது கப்பலின் செய்மதி வலையமைப்பைப் பிடித்துக்கொள்ளும். ரோமிங் பொதி பெரும்பாலும் அதற்குச் செல்லாது, தனிக் கட்டணம் ஏறிவிடும். மரக்கறிச் சாப்பாடு மட்டும் என்றால் முன்பதிவின்போதே சொல்லியிருக்கவேண்டும், மறந்திருந்தால் முதல் மாலையே பரிசாரகரிடம் சொல்லுங்கள். குமட்டல் குளிசையை, தலை சுற்றத் தொடங்கிய பிறகு தேடாதீர்கள்.

அன்று மாலை கப்பல் துறையை விட்டு நகர்ந்தபோது நான் மேல்தளத்தில் நின்றேன். இருபுறமும் நங்கூரமிட்ட சரக்குக் கப்பல்களில் ஒவ்வொன்றாக விளக்குகள் ஏறின. மாமியைக் கூப்பிடக் கீழே ஓடினேன். பெட்டி எந்த நேரமும் வந்துவிடும் என்று அவர் அறை வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.