குழந்தை நட்சத்திரம் நடிகையாக, பாடகியாக வளர: பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தீபாவளிக்கு இரண்டு மூன்று மாதம் இருக்கும்போதே கோலாலம்பூர் வாட்ஸ்அப் குழுக்களில் அழைப்பு சுற்ற ஆரம்பித்துவிடும். டெலிமூவிக்கு, அதாவது டிவிக்காக எடுக்கும் படத்துக்கு, எட்டு வயதுப் பெண்பிள்ளை வேண்டும், தமிழ் நன்றாகப் பேச வேண்டும், பாடத் தெரிந்தால் இன்னும் நல்லது. கோயில் திருவிழாவிலும் பள்ளி ஆண்டு விழாவிலும் கைத்தட்டல் வாங்கிய பிள்ளையின் அம்மா உடனே ஒரு வீடியோவை அனுப்பிவிடுவார். அதில் தப்பே இல்லை. பிள்ளைக்கு ஆசை இருந்தால் அனுப்பத்தான் வேண்டும்.

ஆனால் எட்டு வயதில் வாய்ப்பு கிடைப்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. பன்னிரண்டுக்கும் பதினாறுக்கும் நடுவே அந்தப் பிள்ளையை எப்படிப் பார்த்துக்கொள்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தமிழ்நாட்டில் குட்டி பத்மினி குழந்தை நட்சத்திரமாகப் பெயர் வாங்கியவர். பெரியவரான பிறகும் நடித்தார், தொலைக்காட்சித் தொடர்கள் தயாரித்தார். எல்லாருக்கும் அப்படி அமைவதில்லை. நம் வீட்டு டிவியில் பார்த்துக் கொண்டாடிய எத்தனையோ குழந்தை முகங்கள் படிவம் ஒன்றுக்கு, அதாவது இடைநிலைப் பள்ளிக்கு, போனதும் காணாமல் போயிருக்கின்றன. பெற்றோர் செய்கிற தவறுகளில் பெரும்பாலானவை அந்த நடு வயதை யோசிக்காததால் வருபவை.

முதலில் குரல். நான் பாட்டு சொல்லிக்கொடுப்பவள் என்பதால் இதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்வேன். சினிமாப் பாட்டின் கரோக்கி எந்தச் சுருதியில் கிடைக்கிறதோ அதே சுருதியில் பிள்ளையைப் பாட வைக்கிறார்கள். வளர்ந்த பாடகி ஐந்தரைக் கட்டையில் (கட்டை என்பது சுருதியின் அளவு) சஞ்சாரம் செய்த இடத்தைப் பதினொரு வயதுப் பிள்ளை எட்டிப் பிடிக்கப் பார்க்கும். தாடை மேலே தூக்கும், கழுத்து நரம்பு புடைக்கும், தோள் காதுவரை ஏறும். எதிரில் அம்மா போனில் படம் பிடித்துக்கொண்டிருப்பார். ஒரு கட்டை இறக்கிப் பாடட்டும் என்றால், "அப்படின்னா ஒரிஜினல் மாதிரி இருக்காதே டீச்சர்" என்பார். ஒரிஜினல் மாதிரி இருக்கவே வேண்டாம். சுருதியை ஏற்றி இறக்கும் வசதி இப்போது போனிலேயே இருக்கிறது.

ஆண்பிள்ளைக்குக் குரல் உடையும் என்பது எல்லாருக்கும் தெரியும். பெண்பிள்ளைக்கும் குரல் மாறும் என்பதைப் பலர் கவனிப்பதே இல்லை. ஆண்பிள்ளைக்குக் கிட்டத்தட்ட ஒரு ஸ்தாயி, அதாவது ஏழு சுரம் கொண்ட ஒரு முழுச் சுற்று, இறங்குகிறது. பெண்பிள்ளைக்குச் சில சுரங்கள்தான். அதனால் வெளியே பெரிதாகத் தெரியாது. ஆனால் ஒன்றிரண்டு வருடம் குரலில் காற்று கலந்து ஒலிக்கும், மேல் சுரங்கள் போன மாதம் வந்த மாதிரி வராது, நடுவில் எங்கேயோ தடுக்கும். அந்த நேரத்தில் "முன்னே எவ்வளவு நல்லா பாடுவே" என்று சொல்லாதீர்கள். பிள்ளை பயந்துபோய் இன்னும் இறுக்கிப் பாடும், தொண்டை கட்டும், பிறகு பாட்டையே விட்டுவிடும். போட்டிகளைக் குறைத்துவிட்டு, வசதியான சுருதியில் சரளி வரிசை என்ற ஆரம்பப் பயிற்சியும் நடு ஸ்தாயிப் பாட்டுகளுமாக ஓட்ட வேண்டிய காலம் அது. குரல் கரகரப்பு இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். தேனும் இஞ்சியும் கொடுத்துக்கொண்டு நாளைக் கடத்த வேண்டாம்.

அப்புறம் ஷூட்டிங் நேரம். நம் ஊர்த் தயாரிப்புகளுக்குப் பணமும் நாளும் குறைவு. ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தால் அன்றைக்கே எல்லாக் காட்சியையும் முடிக்கப் பார்ப்பார்கள். இரவு பத்து மணிக்குப் பள்ளிச் சீருடையோடு நாற்காலியில் தூங்கும் பிள்ளையை எழுப்பி, முகத்தில் பவுடர் ஒற்றி, "இன்னும் ஒரே ஒரு டேக்" என்று சொல்வதை நான் பார்த்திருக்கிறேன். காட்சியில் அந்தப் பிள்ளை சிரிக்க வேண்டும். கேமராவுக்குப் பின்னால் நின்ற அப்பாவும் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த வாய்ப்பு போய்விடுமோ என்ற பயம்.

சொல்வதற்குச் சட்டம் இருக்கிறது. மலேசியாவின் 1966ஆம் ஆண்டுச் சிறுவர், இளையோர் வேலைவாய்ப்புச் சட்டத்தின்படி 15 வயதுக்குக் கீழே இருப்பவர் சிறுவர். அவரைப் பொதுக் கேளிக்கை நிகழ்ச்சியில் வேலைக்கு வைக்க உரிமம் வேண்டும். ஒரு நாளைக்கு 6 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. பள்ளி நேரத்தையும் சேர்த்தால் 7 மணி நேரம்தான். தொடர்ந்து 3 மணி நேரம் வேலை செய்தால் அரை மணி நேரம் ஓய்வு. கணக்குப் போட்டுப் பாருங்கள். காலை 7.30க்குப் பள்ளிக்குப் போய் 1 மணிக்கு வரும் பிள்ளைக்கு அன்று ஷூட்டிங்குக்கு மிஞ்சுவது ஒன்றரை மணி நேரம். இரவு வேலைத் தடையிலிருந்து கேளிக்கை நிகழ்ச்சிகளுக்கு விலக்கு உண்டு என்று தயாரிப்பாளர் சொன்னால் அது உண்மைதான். ஆனால் மறுபடி வேலை தொடங்கும் முன் தொடர்ச்சியாக 14 மணி நேரம் ஓய்வு தர வேண்டும் என்ற விதியும் அதே சட்டத்தில் உள்ளது. இரவு 10 மணிக்கு விட்டால் மறுநாள் பகல் 12க்கு முன்னால் கூப்பிட முடியாது. கால்ஷீட் பேசும்போதே இதைப் பேசிவிடுங்கள். செட்டுக்குப் போன பிறகு பேசினால் யாரும் காதில் வாங்க மாட்டார்கள்.

ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடுவது அடுத்தது. 18 வயதாகாதவர் தானே போடும் ஒப்பந்தம் பொதுவாகச் செல்லாது என்பதால் அப்பா அம்மாவைத்தான் கையெழுத்துக் கேட்பார்கள். நடிப்புக்கு மட்டுமா, பாடிய பாட்டுக்கும் சேர்த்தா? யூடியூபில் போட, விளம்பரத்தில் பயன்படுத்த உரிமை யாருக்கு? வேறு நிறுவனத்துக்கு நடிக்கக் கூடாது என்று இருந்தால் எத்தனை வருடத்துக்கு? பத்து வயதில் ஐந்து வருடத்துக்குக் கட்டிப்போட்டால், நான் மேலே சொன்ன நடு வயதில் பெரும்பகுதி அதற்குள் போய்விடும். பாட்டுக்கான உரிமைத் தொகையை வசூலிக்கும் எம்.ஏ.சி.பி. அமைப்பு வழியாக வரும் ராயல்டி இசையமைத்தவருக்கும் பாட்டெழுதியவருக்கும் உரியது. பாடிய பிள்ளையின் உரிமை வேறு. அதைத் தனியாகக் கேட்டு எழுத்தில் வாங்க வேண்டும்.

பணத்தைப் பற்றிப் பேச நம்மவர்களுக்குக் கூச்சம். அமெரிக்காவில் ஜாக்கி கூகன் என்ற குழந்தை நடிகர் பெரியவராகி வந்து பார்த்தபோது, சம்பாதித்ததில் பெரும்பகுதியை அம்மாவும் மாற்றாந்தந்தையும் செலவழித்திருந்தார்கள். அவர்கள்மேல் அவர் போட்ட வழக்கால்தான் 1939இல் கலிபோர்னியாவில் குழந்தை நடிகரின் வருமானத்தில் ஒரு பங்கைத் தனியாக வைக்கச் சட்டம் வந்தது. இங்கே அப்படிக் கட்டாயம் இல்லாததால் பெற்றோரே செய்ய வேண்டும். பிள்ளையின் பெயரில் ஒரு கணக்கு, இல்லையென்றால் எஸ்.எஸ்.பி.என். கல்விச் சேமிப்பு. தொகை சின்னதாக இருந்தாலும் அது பிள்ளை சம்பாதித்தது. காஸ்ட்யூமுக்கும் பெட்ரோலுக்கும் போனது என்று மொத்தத்தையும் கழித்துவிடுவது நியாயமில்லை.

மலாய்ப் பள்ளியில் படிக்கும் பிள்ளை என்றால் வசனமும் பாட்டும் ரோமன் எழுத்தில் வாட்ஸ்அப்பில் வரும். தயவுசெய்து அதை ஏற்காதீர்கள். ல, ள, ழ மூன்றும் ஒன்றாகிவிடும், பாட்டு வகுப்பில் திருத்துவதற்குள் பழகிப்போகும். தமிழ் எழுத்தில் வாசிக்கப் பழகிய பிள்ளைக்குப் பின்னாளில் டப்பிங், வானொலி என்று வேறு கதவுகளும் திறக்கும்.

கடைசியாக, பெரியவளாகி மறுபடி வருவது. படிவம் ஐந்தில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வு வருடத்தில் புது வேலை எதுவும் ஒப்புக்கொள்ள வேண்டாம். முடிந்ததும் புதிதாக ஆடிஷன் வீடியோ எடுங்கள். சின்ன வயதுக் காட்சிகளை அதில் ஒட்டினால் பார்ப்பவர் கண்ணுக்கு அந்தக் குழந்தைதான் தெரியும், பதினேழு வயதுப் பெண் தெரிய மாட்டாள். கதாநாயகிக்காகக் காத்திருந்து இரண்டு மூன்று வருடத்தை விடுவதும் தவறு. அக்கா வேடம், கல்லூரித் தோழி வேடம், பாட்டில் கோரஸ், பின்னணிக் குரல் எது வந்தாலும் எடுத்துக்கொள்ளலாம். ஆஸ்ட்ரோ வானவில், டிவி2 அலைவரிசைகளில் வரும் நாடகங்களுக்கு முகம் தேவைப்பட்டுக்கொண்டேதான் இருக்கிறது.

அதற்கு நடுவே ஒரு நாள் பிள்ளையே வந்து எனக்கு இது வேண்டாம் என்று சொல்லலாம். இத்தனை வருட உழைப்பு வீணாகிறதே என்று அழுது அவள் மனதை மாற்றப் பார்க்காதீர்கள். கையிலிருக்கும் படப்பிடிப்பை மட்டும் முடித்துக்கொடுத்துவிட்டு விடுங்கள். சேமித்த பணம் கல்லூரிக்கு ஆகும்.